பிளீச்சிங் பவுடர்: கிணற்றுக்குச் சரி, சாக்கடைக்கு வீண்

ஐப்பசி மழையில் கொல்லைக் கிணறு கலங்கியதும் டெல்டாவில் முதலில் தேடுவது பிளீச்சிங் பவுடரைத்தான். பொருள் நல்ல பொருள். பழசானால் மட்டும் வெறும் சுண்ணாம்பு.

புதுத் தூளில் சுமார் 33% குளோரின் கிடைக்கும். வெயிலும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் அது குறைந்துகொண்டே போகும். அதனால் வாய் திறந்து கிடக்கும் மூட்டையிலிருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள். தயாரித்த மாதம் அச்சிட்ட, பிரிக்காத ஒரு கிலோ பொட்டலம் போதும். கட்டி தட்டியிருந்தாலோ, பிரித்ததும் நெடி ஏறவில்லை என்றாலோ கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

4 அடி விட்டமுள்ள உறைக்கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 3,400 லிட்டர். தெளிந்த நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் 8.5 கிராம் வரும். தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் சிறிது நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட வேண்டும். மேல்நீரை மட்டும் கிணற்றில் விட்டு, வாளியை மேலும் கீழும் இழுத்துக் கலக்குங்கள். அடிவண்டல் சுண்ணாம்பு, உள்ளே போனால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் மஞ்சள் நிறம் வராவிட்டால் அளவு போதவில்லை.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சேறும் அழுகலும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் இறைத்துத் தூர் எடுங்கள். பிறகு எவ்வளவு போடுவது என்று பார்க்க, முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஹாராக்ஸ் வகுத்த சோதனையே இன்றும் கைகொடுக்கிறது. வரிசையாக ஆறு வெள்ளைக் கோப்பைகளில் கிணற்று நீர். முதல் கோப்பையில் ஒரு சொட்டு பிளீச்சிங் கரைசல், அடுத்தடுத்த கோப்பையில் ஒவ்வொரு சொட்டு கூடும். அரைமணி கழித்து நிறங்காட்டிக் கரைசலை விட்டதும் மூன்றாம் கோப்பையில்தான் முதலில் நீலம் தெரிந்தால், 455 லிட்டருக்கு 6 கிராம். கிணற்று நீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் பழுப்பேறும். பயப்பட வேண்டாம், தெளியவிட்டு வடிகட்டலாம்.

தெருவோரம் வெள்ளைக்கோடு இழுப்பது மட்டும் கண்துடைப்பு. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையில்தான் முட்டையிடும். அங்கே தூவிய தூளின் வீரியம் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், புழு நெளிந்துகொண்டிருக்கும். கழிவுத் தொட்டியிலும் கொட்டாதீர்கள், கழிவை மக்கவைக்கும் பாக்டீரியா செத்துவிடும். அங்கே கொசுவுக்கு வழி வேறு: மூடியின் இடுக்கைச் சிமென்ட் பூசி அடைத்து, காற்றுக்குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள். கிழிந்த வலை இருந்தும் பயனில்லை, அவ்வப்போது பார்த்து மாற்றுங்கள்.

கழிப்பறை ஆசிட்டோடு இந்தத் தூளைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.