சூடானால் நிற்கும் பழைய கார்: சர்வீஸ் சென்டரா, தெருமுனை மெக்கானிக்கா, சொந்த மீட்டரா?

பெங்களூர் சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு எஞ்சின் தானாக அணைகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. இருபது நிமிடம் ஓரங்கட்டினால் எதுவுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். பன்னிரண்டு, பதினைந்து வயதான பெட்ரோல் ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதில்லை. காரை விற்றாலே பெரிதாக ஒன்றும் தேறாத நிலையில், பழுதைத் தேடுவதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதுதான் கேள்வி.

வழிகள் மூன்று: கம்பெனி சர்வீஸ் சென்டர், தெருமுனை மெக்கானிக், அல்லது பழுதை நாமே மீட்டரும் ஸ்கேனரும் வைத்துக் கண்டுபிடித்து, மாட்டுகிற வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுப்பது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

சர்வீஸ் சென்டரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கம்பெனி ஸ்கேனர், ஒயரிங் வரைபடம், ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் அங்கே உண்டு. சாவி கோடிங், ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் என்றால் யோசிக்காமல் அங்கேதான் போகவேண்டும். ஆனால் பழைய வண்டிக்கு அங்கே எஸ்டிமேட் போடும் முறை நம் பர்ஸுக்கு ஒத்துவராது. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் மோட்டார் மட்டும் போயிருந்தாலும் பெரும்பாலும் முழு அசெம்பிளிக்குத்தான் விலை சொல்வார்கள். மோட்டாரும் அடியில் இருக்கும் வடிகட்டியும் மட்டும் தனியாக வெளியே கிடைக்கும், அதன் விலை அசெம்பிளி விலையில் ஒரு சிறு பங்குதான்.

தெருமுனை மெக்கானிக்கின் கைத்திறனில் குறையில்லை. சிக்கல் சம்பளம் வரும் வழியில் இருக்கிறது. மாட்டினால்தான் காசு, தேடினால் யாரும் கொடுப்பதில்லை. அதனால் முதலில் பிளக், பிறகு பெட்ரோல் ஃபில்டர், பிறகு பிளக்குக்குப் பொறி தரும் காயில், கடைசியில் பம்ப் என்று வரிசையாக மாறும். நாலாவது பொருளில் வண்டி சரியாகலாம். முதல் மூன்றின் காசு போனது போனதுதான். இதைவிட மோசமான பழக்கம், வேலையைத் தொடங்குமுன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. பல பழைய வண்டிகளில் அதோடு எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியு பதிந்துவைத்த பிழைக் குறியீடும், பிழை வந்த நொடியின் வெப்பநிலை, வண்டியின் வேகம், எஞ்சின் சுற்றும் வேகமான ஆர்பிஎம் எல்லாம் அழிந்துபோகும். கிடைத்த ஒரே தடயத்தை நாமே துடைத்துவிட்டுத் தேடுவது போல ஆகிவிடும்.

விலை, திறமை இரண்டையும்விட முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: பழுது தலைகாட்டும் நேரத்தில் வண்டியோடு யார் இருக்கிறார்கள்? சர்வீஸ் சென்டருக்குப் போகும் வண்டி ராத்திரி முழுக்க ஆறி, காலையில் குளிர்ந்த எஞ்சினோடு பிட்டில் ஏறுகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறார்கள், பிழை வரவில்லை, ‘எல்லாம் நார்மல்’ என்று திருப்பித் தருகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மெக்கானிக் வந்து சேர்வதற்குள்ளும் இருபது நிமிடம் ஆகி வண்டி கிளம்பிவிடுகிறது. சூட்டில் மட்டும் வரும் பழுதை, அது இருக்கும் அந்த இருபது நிமிடத்தில் சோதிக்கக்கூடிய ஒரே ஆள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர். அதனால்தான் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிற கருவிகள் பல ஆயிரம் ரூபாய் ஊகத்தைத் தோற்கடிக்கின்றன.

டேஷ்போர்டில் இருக்கவேண்டியவை: 10 ஆம்பியர் துளை உள்ள ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஈசியுவின் பிழைக் குறியீட்டை ஃபோனில் காட்டும் இஎல்எம்327 வகை ப்ளூடூத் ஸ்கேனர், இரண்டு ஒயர் கட்டிய 12 வோல்ட் டெஸ்ட் பல்பு, ஃபியூஸ் பெட்டியில் உள்ள அதே நம்பர் ரிலே (கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்ச்) ஒன்று, சில ஃபியூஸ்கள். ஸ்கேனர் வாங்குமுன் வண்டியின் வயதைப் பாருங்கள். ஸ்கேனரும் ஈசியுவும் பேசிக்கொள்ளும் பொதுத் தரமான ஓபிடி-2 இந்தியாவில் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்குப் பிந்தியவை பிரச்சினையில்லாமல் பேசும். 2010-க்கு முந்தியவற்றில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் மலிவு ஸ்கேனர் ஊமையாக இருக்கலாம். யாரிடமாவது இரவல் வாங்கிச் சொருகிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண ப்ளூடூத் மாடல் சேராது, வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ மாடல் வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிடவேண்டும். இரவெல்லாம் சொருகியே கிடந்தால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.

இனி வண்டி நின்றுவிட்ட அந்த நேரம். இடது ஓரம், ஹசார்ட் விளக்கு, ஹேண்ட்பிரேக். பானெட்டைத் திறக்குமுன் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். செக் எஞ்சின் விளக்கு எரியவேண்டும். எரியவே இல்லையென்றால் ஈசியுவுக்குக் கரண்ட் வரவில்லை: மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், சாவித் துளைக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் சுவிட்ச் ஆகிய மூன்றில் ஒன்று. அதே நம்பர் ரிலேயை மாற்றிச் சொருகினால் அரை நிமிடத்தில் பதில் தெரியும். உள்ளே ஈயப்பற்று வெடித்த ரிலே சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்வது சகஜம்.

விளக்கு எரிந்தால் காதைத் தீட்டுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சாவி ஆன் ஆனதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ஊம்ம்’ என்று பம்ப் சத்தம் வரும். ட்ராஃபிக் இரைச்சலில் கேட்காது, பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்புக்கு ஒயர் சேரும் கப்ளரில் வோல்ட் பாருங்கள். அந்த இரண்டு விநாடியில் பேட்டரி வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் ஒயரிங் சரி, பம்ப் போச்சு. 10 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் பம்பைக் குறை சொல்லாமல் எர்த்தையும் (வண்டியின் உலோக பாடியோடு சேரும் நெகடிவ் ஒயர்) கப்ளரையும் பாருங்கள். டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டியதும் உயிர் வந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பம்ப் சீக்கிரம் போவதற்குப் பட்ஜெட்டும் ஒரு காரணம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. டேங்க்குக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் முந்நூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டினால் அது பாதி காற்றில் நின்று சூடேறும். கால் டேங்க்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது செலவில்லாத பராமரிப்பு. இன்னொன்று: இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் பெட்ரோல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கொழகொழத்திருந்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், அது தீப்பிடிக்கும் விஷயம்.

பம்ப் சத்தம் வருகிறது, செல்ஃபும் சுற்றுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் இல்லை என்றால் சந்தேகம், எஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் போகும். சில பழைய மாடல்களில் அதே வேலையைச் செய்வது கேம் சென்சார். ஸ்கேனரில் நேரலை ஆர்பிஎம்மைத் திறந்துவைத்துச் செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் சுற்றுகிறபோது 200, 250 என்று காட்டவேண்டும். சுற்றியும் பூஜ்யமே நின்றால் எஞ்சின் சுற்றுவதே ஈசியுவுக்குத் தெரியவில்லை. அதனால் காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் உத்தரவு போகாது. மலிவு ஸ்கேனர் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் குறைந்து துண்டித்துக்கொள்வதும் உண்டு. அப்போது டயலில் ஆர்பிஎம் முள் இருந்தால் அது கொஞ்சமாவது துள்ளுகிறதா என்று பாருங்கள். உறுதிப்படுத்த, சைலன்சர் குழாயைத் தொடாமல் சென்சார் மேல் ஈரத்துணியை இரண்டு நிமிடம் வையுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் வேறு சாட்சி வேண்டாம். வீட்டில் இதையே தலைகீழாகச் செய்யலாம்: ஓடுகிற எஞ்சினில் ஹேர் டிரையரால் சென்சாரைச் சூடாக்கினால் சில நிமிடத்தில் அணைந்துவிடும். குறியீடு பதிந்திருந்தால் பி0335 என்று வரும், வராமலும் இருக்கலாம். குறியீடு இல்லை என்பதற்காகச் சென்சாரை விடுதலை செய்துவிடாதீர்கள்.

ஆர்பிஎம் சரியாகக் காட்டுகிறது, பம்பும் ஓடுகிறது என்றால் மிச்சம் காயிலும் பெட்ரோல் அழுத்தமும். அழுத்தத்தை அளக்க கேஜ் வேண்டும், பெரும்பாலான வண்டிகளில் 3 பார் அக்கம்பக்கம். இந்த வேலையைக் கூலி கொடுத்துச் செய்வதே லாபம்.

நிற்காமல் திணறி ஓடும் வண்டிக்கு ஸ்கேனரில் பார்க்கவேண்டியது ஃபியூல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டும் அளவு. கூட்டல் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் போதவில்லை. ஐடிலில் அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ வெடித்த வேக்கம் ஹோஸ். மாறாக, ஏற்றத்தில் மிதிக்கும்போது கூடினால் பம்ப் அல்லது ஃபில்டர். ஹோஸ் துண்டின் விலை நூறு ரூபாய்கூட ஆகாது.

பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். சென்னையில் எடுத்த வீடியோவில் 100 கிலோபாஸ்கல் என்று சொல்வார்கள். நாம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், இங்கே 90, 91 காட்டுவதுதான் சரி. நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

மீட்டரின் உண்மையான வருமானம் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியிடம் இருக்கிறது. ராத்திரி நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சந்தேகத்துக்குரியது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரி. இதெல்லாம் பலருக்கும் தெரியும். செய்யாமல் விடுவது அடுத்ததைத்தான்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகடிவ் கம்பத்தில், மறுமுனை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில், அப்போது செல்ஃப். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. பாசிடிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கு 0.5-ஐத் தாண்டக்கூடாது. புதுப் பேட்டரி போட்டும் ‘டக் டக்’ என்றே அடிக்கும் வண்டிகளில் பாதிக் கதை இந்த எர்த்தில் முடிந்துவிடும். உப்புத்தாள், பத்தாம் நம்பர் ஸ்பேனர், கொஞ்சம் வாசலின் போதும்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறதென்றால், நெகடிவ் ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, கதவுகளைப் பூட்டி, அரை மணி காத்திருங்கள். 50 மில்லியாம்பியருக்குக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ அதுதான் குற்றவாளி, பெரும்பாலும் பின்னால் போட்ட ஸ்டீரியோ அல்லது சென்ட்ரல் லாக். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கக்கூடாது, உள்ளே ஃபியூஸ் போய்விடும். இந்தச் சோதனையில் டெர்மினல் கழற்றுவதால், பதிந்த குறியீடுகளை முதலிலேயே படம்பிடித்துக்கொள்ளுங்கள்.

பொருள் எது என்று தெரிந்தபின் எங்கே வாங்குவது? பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குப் பழைய பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அதன் மேல் உள்ள எண்ணை வைத்துத்தான் கேட்கவேண்டும். சென்சார், பம்ப் மோட்டார், காயில், பிரேக் சம்பந்தப்பட்டவை புதிதாகத்தான், தெரிந்த பிராண்டில். சிவாஜிநகர் குஜரியில் (பழைய பொருள் சந்தை) ஆல்டர்னேட்டர், ஃபேன் மோட்டார், கண்ணாடி, கதவு லாக் ஆகியவற்றை நம்பி எடுக்கலாம், ஆல்டர்னேட்டரை அங்கேயே சுற்றிக் காட்டச் சொல்லி. அங்கே கிடைக்கும் உண்மையான மலிவு, ஒயரோடு வெட்டிய கப்ளர்தான். பின் தளர்ந்த பழைய கப்ளருக்குப் பதிலாக 15 சென்டிமீட்டர் ஒயர் விட்டு வெட்டித் தரச்சொன்னால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அரை மணியில் சேர்த்துவிடுவார்.

மெக்கானிக்கிடம் ‘அண்ணா, வண்டி நிக்குது, பாருங்க’ என்று சாவியைக் கொடுத்தால் பழையபடி பிளக்கில் தொடங்கும். ‘அண்ணா, சூட்டுல நின்னப்போ பம்ப் சத்தம் வந்துச்சு, ஆர்பிஎம் காட்டல. கிராங்க் சென்சார் நானே வாங்கிட்டு வர்றேன், மாட்டுற கூலி எவ்வளவு சொல்லுங்க’ என்றால் பேச்சே வேறு மாதிரி போகும். பெட்ரோல் அழுத்தம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) போன்ற கேஜ் வேலைகளுக்கு, சரியானாலும் ஆகாவிட்டாலும் பார்த்ததற்குத் தனிக் கூலி என்று முன்பே பேசிவிடுங்கள்.

மூன்றாவது வழி தோற்கும் இடமும் உண்டு. வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைகிறது, காலையில் ஆறிய எஞ்சினிலும் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகியிருக்கிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது என்றால் எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் பக்கம் போகிறது கதை. சென்சார் எதற்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் முதலில் கம்ப்ரஷன் பார்க்கவேண்டும். சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சரிசெய்வதா விற்பதா என்பதை அப்போதே முடிவு செய்யலாம். இங்கே சொன்னது அத்தனையும் பெட்ரோல் வண்டிகளை வைத்து. டீசலை அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்குப் பகிரும் காமன் ரெயில் வண்டிகளில் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். அதன் இன்ஜெக்டர் லைனை வீட்டில் கழற்றுவது ஆபத்து. அங்கே மீட்டரைப் பேட்டரி, எர்த், ரிலேயோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் விடுவதே சரி.