வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு எந்த ஐசி? டிரான்ஸ்பார்மரைக் கேளுங்கள்

சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்யப் போகிறேன், எந்த ஐசி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கையில் என்ன டிரான்ஸ்பார்மர் இருக்கிறது? ஐசிக்கு ஆகும் பணம் கொஞ்சம்தான். டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு), பெரிய கெப்பாசிட்டர்கள், பெட்டி இவைதான் பர்ஸைக் காலி செய்யும். அதனால் ஐசிகளை அந்தப் பக்கத்திலிருந்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐசி ஆம்ப்ளிஃபயர் என்று கேட்டால் பல கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது எல்.ஏ.4440. சானியோவின் பழைய ஐசி. 12 வோல்ட் பேட்டரியிலேயே பாடும், ஸ்டீரியோவாக சேனலுக்கு 6 வாட், இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குப் பிரிட்ஜாக இணைத்தால் 19 வாட். ஆனால் இதன் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, ஏறக்குறைய 375 மடங்கு. டேப் காலத்துச் சின்ன சிக்னலுக்கு அது சரி. இன்றைய போனைச் செருகினால் வால்யூமைக் கால்வாசி திருப்புவதற்குள் சத்தம் கிழிந்துவிடும். பாட்டு நின்ற பிறகும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். வண்டியில் வைக்க எடுக்கலாம், வீட்டுக்கு வேண்டாம்.

அடுத்தது டி.டி.ஏ.2030ஏ. கால்கள் (பின்கள்) ஐந்துதான், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பாகங்கள். 12-0-12 டிரான்ஸ்பார்மரை (நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் ஏசி தருவது) டயோடு, கெப்பாசிட்டர் வழியாக டிசியாக எடுத்தால் பிளஸ் மைனஸ் 16 வோல்ட் வரும். அதில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வாட் கிடைக்கும். ஒரு ஹாலுக்கு இது தாராளம். இதன் எல்லை பிளஸ் மைனஸ் 22 வோல்ட். 'ஏ' இல்லாத பழைய 2030-க்கு 18-தான். 18-0-18 டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஏசி டிசியாகும்போது வோல்ட் ஏறக்குறைய 1.4 மடங்காகும்; 18-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 25 வோல்ட் வந்துவிடும். சுவிட்சைப் போட்டதும் ஐசி போய்விடும்.

அந்த 25 வோல்ட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருப்பது எல்.எம்.1875. அந்த வோல்ட்டில் 20 வாட், ஒரு கிலோஹெர்ட்ஸில் ஒலிச் சிதைவு (டிஸ்டார்ஷன்) 0.015 சதவீதம். இன்னொரு நல்ல விஷயம், இதன் ஐந்து கால்களும் 2030-இன் வரிசையிலேயே இருக்கின்றன. 2030-க்குச் செய்த போர்டில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம், கெப்பாசிட்டர்கள் அந்த வோல்ட்டைத் தாங்கினால் போதும். முதலில் 12-0-12-இல் 2030, கை பழகிய பிறகு 18-0-18-இல் 1875 என்று நான் அப்படித்தான் ஏறினேன். பெண் குரல் பாட்டில் உச்ச ஸ்தாயியில் இருந்த கரகரப்பு போனது அன்றுதான்.

2030, 1875 இரண்டுக்கும் பொதுவான ஒரு கண்ணி உண்டு. ஐசியின் முதுகில் இருக்கும் உலோகத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா ஷீட்டும், ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் வாஷரும் வைக்காமல் இறுக்கினால், ஹீட் சிங்க் பெட்டியைத் தொடும் இடத்தில் ஷார்ட்தான். ஒருமுறை மைக்காவை மறக்காமல் வைத்தேன், வாஷரை மறந்துவிட்டேன். பட்டென்று ஒரு பொறி, ஃப்யூஸ் கண்ணாடி கறுத்துவிட்டது. இப்போதெல்லாம் தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் கரண்ட் கொடுப்பதே இல்லை.

எல்.எம்.3886 பெரிய கை. பிளஸ் மைனஸ் 28 வோல்ட்டில் 4 ஓமுக்கு 68 வாட், 8 ஓமுக்கு 38 வாட். ஒலி அருமை, தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. எட்டாவது காலிலிருந்து ரெசிஸ்டர் வழியாக மைனஸ் சப்ளைக்கு இணைப்பு தராவிட்டால் ஐசி வாயே திறக்காது. இதை அறியாமல் நல்ல ஐசியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. 4 ஓமில் ஒரு சேனலிலேயே 40 வாட் வரை சூடாக மாறலாம் என்பதால் ஹீட் சிங்க் கனமாக வேண்டும், டிரான்ஸ்பார்மரும் அப்படியே. போலிகளும் இதில் அதிகம். நான் மலிவாக வாங்கிய ஒன்றை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தபோது எழுத்தே பஞ்சோடு வந்துவிட்டது.

டி.பி.ஏ.3116 வேறு சாதி, கிளாஸ் டி, அதாவது அதிவேகமாக ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்யும் வகை. வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் போதும். 8 ஓமில் சேனலுக்கு 20 வாட் பக்கம் வரும். 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்பதால் ஹீட் சிங்க் தீப்பெட்டி அளவுதான். செலவு மட்டுமே கணக்கென்றால் இதை எதுவும் நெருங்க முடியாது. ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரை மட்டும் கிரவுண்டில் சேர்த்துவிடாதீர்கள், இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கிறது. ஆனால் 32 நுண்கால்களைக் கையால் பற்றவைப்பது கடினம், அதனால் ரெடிமேட் போர்டுதான் வாங்க வேண்டியிருக்கும். பாட்டு கேட்க அது போதும். செய்து கற்க வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு 18-0-18, 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரும் இரண்டு 1875-உம்தான்.

முதல்முறை சுவிட்ச் போடும்போது மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டுங்கள். கெப்பாசிட்டர் நிரம்பும்வரை பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் சரி. மங்காமல் எரிந்தால் உடனே அணைத்துவிட்டு, முதலில் அந்த வாஷரைப் பாருங்கள்.