பாய்லரும் அதன் புகைக்குழாயும்: 15 வருடப் பயன்பாட்டு அனுபவம்

இந்த வீட்டில் 15 வருடமாக வெந்நீருக்கும் அறைச் சூட்டுக்கும் எரிவாயு பாய்லர்தான். முதல் 6 வருடம் வீட்டோடு வந்த பழைய பாய்லர். அதன் புகை செங்கல் புகைக்கூண்டு வழியாகக் கூரைக்கு மேலே போகும். அதற்கப்புறம் 9 வருடமாகக் கண்டென்சிங் பாய்லர் (புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் எடுத்துக்கொள்ளும் வகை). சுவரைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு குழாய், அவ்வளவுதான். வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோவாட், எத்தனை வருட வாரண்டி என்று விசாரிக்கிறார்கள். குழாயைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. எனக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி அந்தக் குழாயை ஒட்டியவைதான்.

பழைய பாய்லரில் மின்விசிறி எதுவும் கிடையாது. எரிந்த வாயு சூடாக, லேசாக இருப்பதால் தானே மேலே ஏறும். ஏறும்போது கீழே ஓர் இழுப்பு உண்டாகி, அறையிலிருந்து புதுக் காற்று பர்னருக்கு வந்து சேரும். கூண்டு உயரமாக இருந்தால் இழுப்பு அதிகம். உள்ளே இருக்கும் வாயுவுக்கும் வெளிக் காற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் கூடினாலும் அதிகம். அதனால் கடுங்குளிரில் நன்றாக இழுக்கும். காற்றே அசையாத வெதுவெதுப்பான நாளில் மந்தமாகிவிடும். பாய்லருக்குச் சற்று மேலே, அடிப்பக்கம் திறந்த குடை மாதிரி ஒரு பாகம் இருந்தது. கூண்டுக்குள் காற்று குப்பென்று கீழ்நோக்கி அடித்தால் சுடரைக் கெடுக்காமல் அறைப்பக்கம் விலகிப் போவதற்கான ஏற்பாடு அது. அதாவது, புகை அறைக்குள் வர ஒரு வாசலை வைத்தேதான் அதைச் செய்திருக்கிறார்கள். இது எனக்கு நாலாவது வருடம்தான் புரிந்தது.

அந்த வருடம் சமையலறைக்குப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்குகளையும் அடைத்தோம். ஒரு நாள் மாலை கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவைக் கண்டால் ஒலிக்கும் அலாரம் அலறியது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் இரண்டு பேருக்கு அன்று மதியத்திலிருந்தே தலைவலி என்பது அப்புறம்தான் உறைத்தது. பாய்லரை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பியத் தர அலாரங்கள் 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்கும், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள். ஆக, அலாரம் அடிக்கும்போது விஷயம் ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது.

மறுநாள் வந்த மெக்கானிக் ஒரு புகைக்குச்சியைப் பற்றவைத்து அந்தக் குடையின் ஓரத்தில் பிடித்தார். புகை ஒழுங்காக உள்ளே போனது. ஃபேனைப் போடச் சொன்னார். புகை திரும்பி எங்கள் முகத்துக்கு வந்தது. ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது; அதற்கு ஈடாக உள்ளே காற்று வர மிச்சமிருந்த ஒரே வழி புகைக்கூண்டு. எரிந்த வாயுவையே பர்னர் மறுபடி இழுத்துக்கொண்டால் ஆக்சிஜன் குறைந்து அரைகுறையாக எரியும், மோனாக்சைடு ஏறும். பிறகு சுவரின் அடிப்பக்கம் இருந்த காற்றுத் துவாரத்தைக் காட்டி, "இதை அடைத்தது யார்?" என்றார். குளிர் வருகிறதென்று துணி வைத்து அடைத்தது நான்தான்.

சரி, புதியதுக்கு வருகிறேன். இதில் குழாய்க்குள் குழாய். உள்ளே 60 மில்லிமீட்டரில் புகை வெளியே போகிறது, அதைச் சுற்றி 100 மில்லிமீட்டர் குழாயில் காற்று உள்ளே வருகிறது. அறைக் காற்றை இது தொடுவதே இல்லை. இரண்டு வாயும் ஒரே இடத்தில் இருப்பதால் வெளியே காற்று எப்படி அடித்தாலும் இரண்டின் மேலும் ஒரே அழுத்தம்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் இப்போது நிம்மதியாக ஓடுகிறது.

எரிவாயு எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். பழைய பாய்லர் அதை ஆவியாகவே கூரைக்கு அனுப்பிவிடும். புதியது அந்த ஆவியைச் சுமார் 55 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, அது நீராகும்போது விடும் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. குழாயை வெளிமுனை சற்று உயர்ந்திருக்கும்படி மாட்டியதைப் பார்த்து, தப்பாக மாட்டிவிட்டார்களோ என்று சண்டைக்குப் போனேன். அந்த நீர் பாய்லருக்கே திரும்பி ஓடி, வடிகாலில் இறங்கத்தான் அந்தச் சாய்வாம். நீர் அமிலத்தன்மை உள்ளது. அதனால்தான் இந்தப் புகையைப் பழைய செங்கல் கூண்டுக்குள் அப்படியே விடக்கூடாது.

குறைகளும் உண்டு. புகை குளிர்ந்து வருவதால் வெள்ளை மூட்டமாகத் தெரியும். பக்கத்து வீட்டு ஜன்னல் முன்னால் அது மிதந்து, பேச்சுவார்த்தையில் முடிந்தது. முனையை நீட்டி வேறு பக்கம் திருப்பினோம். மூன்றாவது குளிர்காலத்தில் வடிகால் குழாய் வெளியே உறைந்துபோனது. பாய்லர் கொடகொடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றித்தான் மீட்டேன் (கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குழாய் விரிசல் விடும்). பிறகு அகலமான குழாய் போட்டு உறை சுற்றியதில் அந்தத் தொல்லை தீர்ந்தது.

எனக்கு ரொம்ப எரிச்சலானது வேறு. பொருத்தியவர், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பாய்லர் அனுப்பும் நீரின் வெப்பநிலையை 80 டிகிரியில் விட்டுப் போயிருந்தார். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் 55-ஐத் தாண்டினால் ஆவி நீராகவே ஆகாது. மூன்று வருடம் கண்டென்சிங் பாய்லரைச் சாதா பாய்லராகத்தான் ஓட்டியிருக்கிறேன்! இப்போது 55-இல் வைத்திருக்கிறேன். வீடு சூடாக நேரம் எடுக்கிறது, ஆனால் வடிகாலில் தண்ணீர் நன்றாகச் சொட்டுகிறது.

பழைய கூண்டை மேலும் கீழும் மூடினோம். ஒரே வருடத்தில் சுவரில் ஈரக் கறை. உள்ளே காற்று நகராவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். இப்போது மேலே மழை இறங்காத, காற்று போகும் மூடி; கீழே சின்னக் கம்பி வலை.

அலாரத்தின் உணரிக்கு ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தேதியைப் பார்த்து இரண்டாவது முறையும் மாற்றிவிட்டேன். நான் துணி வைத்து அடைத்த அந்தத் துவாரத்தை, புது பாய்லர் ஓடத் தொடங்கியபின் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு செங்கல் வைத்தே அடைத்தாயிற்று.