"வேன் அனுப்புகிறோம்" என்று சொல்லும் குடி மறுவாழ்வு இல்லங்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விடிவதற்கு முன் நான்கு மணிக்கு ஒரு வேன் எங்கள் தெருவுக்கு வந்து, அதிலிருந்து இறங்கிய நான்கு இளைஞர்கள் உறங்கிக்கொண்டிருந்த என் தம்பியைத் தூக்கி, கைகளைத் துண்டால் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களை வரவழைத்தவள் நான். வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவளும் நான். ஆகவே இந்தப் பதிவை ஏமாற்றப்பட்டவளின் புகாராக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னென்ன கேட்காமல் விட்டேன் என்பதை, இதே நிலையில் இருக்கும் வேறொரு குடும்பம் கேட்டுவிடட்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தம்பிக்கு வயது 36. காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருந்தான். அப்பா இறந்த பிறகு குடி கூடியது. கடைசி ஓராண்டில் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலை வந்தது. லேத்தில் நிற்பவனுக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவன் மனைவியும் அம்மாவும் நானும் மாறி மாறி அழுததுதான் மிச்சம். அப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர், கல்லாப்பெட்டிக்கு மேல் செருகி வைத்திருந்த ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் குடியை மறக்கடிப்பதாகவும், நோயாளிக்குத் தெரியாமலேயே அழைத்துச் செல்வதாகவும் அதில் அச்சிட்டிருந்தது. ஆள் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது பின்னால் தெரிந்தது.

தொலைபேசியில் பேசியவர் மிக இதமாகப் பேசினார். "அக்கா, இத்தன நாள் நீங்க பட்டது போதும். இனிமே அவர் எங்க பொறுப்பு" என்றார். ஓராண்டாக யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்திலேயே நான் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பணம் கட்டப் போனபோது முன்னறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பதிவுச் சான்று மாட்டியிருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியையான நான், முத்திரையைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்காமல் மரியாதையோடு நகர்ந்துவிட்டேன். அது ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்ததற்கான சான்று மட்டுமே. அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். நோயாளிகளை உள்ளே வைத்துப் பராமரிப்பதற்கான அனுமதி வேறு.

சேர்க்கைக் கட்டணம் 5,000 ரூபாய், வேனுக்கு 3,500, மாதம் 15,000 வீதம் மூன்று மாதத்துக்கு முன்பணம் 45,000. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து மருந்து, டிரிப்ஸ், டாக்டர் விசிட் என்று மேலும் 8,200 கேட்டு வாங்கினார்கள். ஆக 61,700 ரூபாய். அத்தனைக்கும் கொடுத்த ரசீதில் இல்லத்தின் பெயரும் ஒரு கையெழுத்தும் தவிர, பதிவு எண்ணோ மருத்துவர் பெயரோ கிடையாது.

முதல் பதினைந்து நாள்களுக்குக் குடும்பத்தார் வந்து பார்க்கக் கூடாது என்றும், பார்த்தால் நோயாளியின் மனம் தளர்ந்துவிடும் என்றும், அதுவே சிகிச்சையின் முதல் படி என்றும் சொன்னார்கள். இதை நம்பியதற்குத்தான் என்னை நானே இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் இதே வேலூரில், பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியிருப்பதுதான் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் முறை. வெளிமாநிலங்களிலிருந்து வருகிறவர்கள்கூடச் சட்டி பானையோடு வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் உறவிலேயே ஒருவர் அப்படித் தங்கியிருக்கிறார். அந்த ஊரிலேயே வளர்ந்த நான், குடும்பம் விலகியிருப்பதுதான் சிகிச்சை என்று ஒருவர் சொன்னதும் தலையாட்டினேன்.

உள்ளே நடந்தவற்றைத் தம்பி பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வாடகைக்கு எடுத்த மாடி வீடு. ஜன்னலுக்கும் பால்கனிக்கும் இரும்புக் கம்பி. நாற்பது பேருக்கு இரண்டு கழிவறை. மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை. முன்பு அங்கே அடைபட்டிருந்து வெளியே போக வழியில்லாமல் தங்கிவிட்டவர்களே 'சீனியர்' என்ற பெயரில் மற்றவர்களை மேய்த்தார்கள். போன அன்றே தலையை மொட்டையடித்தார்கள். இரண்டாம் நாள் இரவு அவனுக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். வலிப்பு அடங்கியதும் "நடிக்கிறான்" என்று ஒருவன் எட்டி உதைத்திருக்கிறான். நான்காம் நாள், இறந்துபோன அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதாக இவன் பேசத் தொடங்கியதும், பைத்தியம் பிடித்துவிட்டது என்று குளியலறையில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள்.

இதில் புதிரோ நடிப்போ எதுவும் இல்லை என்பதைப் பிறகு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவர் விளக்கினார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாள்களுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் கூடி, சித்தம் கலங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். இதைத் தடுக்க மாத்திரைகள் இருக்கின்றன. அளவைப் படிப்படியாகக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நீண்ட நாள் குடித்தவர் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்திருக்கும் என்பதால் அதை ஊசியாகப் போடுகிறார்கள். அதைக் கொடுக்காமல் குளுகோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரக்கூடும். அந்த 8,200 ரூபாய்க் கணக்கில் இருந்த 'டிரிப்ஸ்' என்ற சொல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் ஏற்றினார்கள், எதை ஏற்றினார்கள் என்று தம்பிக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் தொலைபேசியில் பேச விட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் என்பது குரலின் எதிரொலியிலேயே தெரிந்தது. "நான் நல்லா இருக்கேன் அக்கா. நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றான். பிறந்ததிலிருந்து அவன் என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. திருந்திவிட்டான், மரியாதை வந்துவிட்டது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் பதினைந்து நாள் நிபந்தனையை மீறத் துணியாமல் இருந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் காக்க வைத்த பிறகு, அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு அவனைக் கூட்டிவந்தார்கள். சட்டைக்குள் இருந்தது என்னவென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. உடனே அனுப்பிவிடுங்கள் என்றதற்கு, 20 ரூபாய் முத்திரைத்தாளில் மூன்று மாதத்துக்கு நானே சம்மதக் கையெழுத்துப் போட்டிருப்பதை எடுத்துக் காட்டினார்கள். தொலைபேசியில் அத்தனை இதமாகப் பேசிய அதே மனிதர், "கேஸ் நடத்தணும்னா நடத்திக்குங்க மேடம்" என்றார். அக்கா, மேடம் ஆகிவிட்டாள்.

மறுநாள் சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இளம் வழக்கறிஞர் சொன்னதை, வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அப்படிப்பட்டவர்களை உள்நோயாளியாக வைத்துப் பராமரிக்கும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தானே விரும்பிச் சேர்ந்தவர் போக வேண்டும் என்றால் அனுப்பியாக வேண்டும். தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைக் குடும்பத்தார் சேர்ப்பதானால், அதற்கு முன் ஒரு மனநல மருத்துவரும், மருத்துவரோ மனநல வல்லுநரோ ஆன இன்னொருவரும் அவரைத் தனித்தனியே நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். அதுவும் முதலில் முப்பது நாள்களுக்குத்தான் செல்லும். மூன்று மாத ஒப்பந்தம் என்ற ஒன்று சட்டத்தில் இல்லை. சங்கிலியால் கட்டக் கூடாது, தனியறையில் பூட்டக் கூடாது, கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது, கட்டாய வேலை வாங்கக் கூடாது என்பவை வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய் வரை. என் ஒருத்தியிடம் அவர்கள் வாங்கியதே அந்த உச்ச வரம்பைவிட அதிகம் என்று சொன்னபோது வழக்கறிஞர் சிரிக்கவில்லை.

அன்று திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மனுவின் நகலையும் வழக்கறிஞரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு தம்பியின் மைத்துனரோடு மீண்டும் போனேன். இழுத்தடித்து, இருபத்து மூன்றாம் நாள் மாலை அனுப்பினார்கள். பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. விசாரணை நடக்கிறது என்பதால் அந்த இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை, பெயர்ப்பலகையை இதற்குள் மாற்றிவிட்டார்கள்.

வந்த நான்காம் நாள் தம்பி குடித்தான். எனக்கு வியப்பில்லை. 23 நாளும் அவனைப் பூட்டி வைத்தார்களே தவிர, ஏன் குடிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுக்கம்பாறையில் அந்த மருத்துவர் முதல் நாளே கேட்டது கடைசியாக எப்போது குடித்தாய், முன்பு வலிப்பு வந்ததுண்டா, தூக்கம் எப்படி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பவைதான். கடைசிக் கேள்விக்கு அவன் ஆம் என்றான். பட்டறைக் கடனும் அப்பாவின் சாவும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வு நோய் அவனைப் பிடித்திருந்ததைக் கூடவே இருந்த நாங்கள் குடிவெறி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். வார்டில் அவன் மனைவி கூடவே இருந்தாள். மருந்துக்கும் படுக்கைக்கும் எங்களிடம் பணம் கேட்கவில்லை. கூட்டம் அதிகம், வரிசையில் நிற்க வேண்டும், மருத்துவர் ஒவ்வொருவரோடும் நெடுநேரம் பேச முடியாது, இவை உண்மைதான். ஆனால் யார் மருத்துவர் என்பது தெரியும், மருந்துச் சீட்டு நம் கையில் இருக்கும், கதவு திறந்திருக்கும்.

இப்போது அவன் மாத்திரை எடுத்துக்கொள்கிறான். ஆடி மாதத்தில் ஒருமுறை தவறினான், மறைக்காமல் வந்து சொன்னான். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டத்துக்கு ஞாயிறுதோறும் போகிறான். 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே சேருவதற்குத் தகுதி. மீண்டும் தவறினால் முன்பணம் போய்விடும் என்று அங்கே யாரும் மிரட்டுவதில்லை.

தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது இவ்வளவுதான். இடத்தைப் பார்க்கும் முன், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அறக்கட்டளைச் சான்றைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மனநல மருத்துவர் யார், எந்த நாள்களில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவீர்கள் என்று கேளுங்கள். நோயாளிகள் படுக்கும் அறையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். வேன் அனுப்புகிறோம் என்று தாங்களாகவே சொன்னால் அதற்குமேல் பேசவே வேண்டாம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லும் பொடி, மாத்திரைகளையும் வாங்காதீர்கள். குடித்தால் ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மருந்தை ஒருவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. நான் அந்த அட்டையை வாங்கிய நாளில் இந்த இரண்டில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தம்பி இன்னும் விடியற்காலை நான்கு மணிக்குப் பால் வேன் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். கேட்டைப் பூட்ட விடுவதில்லை. சென்ற வாரம் பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். டீக்கடைக் கல்லாவுக்கு மேல் அதே போன்ற அட்டை செருகியிருக்கிறது. இல்லத்தின் பெயர் புதிது, எண் பழையது.