டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின்: மறதி நோய்க்கு எது யாருக்கு?

அல்சைமர் என்று உறுதியானதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எது பவரான மருந்து?" டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலண்டமின் மூன்றுக்கும் பலனில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மூன்றுமே, நினைவாற்றலுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் சிதைவதைக் குறைப்பவை. நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே நோயாளியின் இதயம், வயிறு, சிறுநீரகம், வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் யார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொடுக்கச் சுலபமானது டோனெபெசில். இரவு ஒருவேளை 5 மி.கி.; 4 முதல் 6 வாரம் கழித்து 10 மி.கி. உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 70 மணி நேரம் ஆவதால், ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாகக் கெட்டுவிடாது. கெட்ட கனவு வந்து அலறி எழுந்தால் வேளையைக் காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகும். கவலைப்பட வேண்டியது நாடித் துடிப்பு. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற நாடித் துடிப்பைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு இதையும் சேர்த்தால் துடிப்பு இறங்கி மயங்கி விழலாம். தொடங்கும் முன் ஓர் ஈசிஜி எடுத்துவிடுங்கள். 23 மி.கி. மாத்திரையும் இருக்கிறது, அதில் கூடும் பலனைவிடக் குமட்டலும் வாந்தியும்தான் அதிகம்.

ரிவாஸ்டிக்மின் கேப்சூல் வயிற்றைப் புரட்டும். உணவோடுதான் கொடுக்க வேண்டும், அதுவும் இரண்டு வேளை. அதனால் ஒட்டும் பேட்ச்தான் நல்லது: 24 மணி நேரத்துக்கு 4.6 மி.கி.; நான்கு வாரம் தாங்கினால் 9.5. கை எட்டாத மேல்முதுகில், எண்ணெயோ க்ரீமோ படாத உலர்ந்த தோலில் வைத்து 30 விநாடி அழுத்துங்கள். வெட்டக் கூடாது. அதே இடத்தில் 14 நாளுக்கு மறுபடி ஒட்டக் கூடாது. பழையதை உரிக்காமலே புதியதை ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும், ஆபத்தான தவறு. அளவு இரட்டிப்பாகி வாந்தி, துடிப்புக் குறைவு என்று போய்விடும். யார் ஒட்டினாலும் பேட்ச் மேல் தேதி எழுதட்டும். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 4.6-லிருந்தே ஏற வேண்டும். பார்க்கின்சனோடு வரும் மறதிக்கு முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

கேலண்டமின் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காலை உணவோடு 8 மி.கி.யில் தொடங்கி 16, 24 வரை. சிறுநீரகமோ கல்லீரலோ மிகவும் கெட்டிருந்தால் வேண்டாம்.

மெமான்டின் வேலை செய்யும் வழியே வேறு. மூளை செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் மிகைத் தூண்டலைத் தணிப்பது. ஆரம்ப நிலையில் இதனால் பயன் குறைவு. நடுத்தர, முற்றிய நிலையில்தான் இதற்கு இடம், டோனெபெசிலோடு சேர்த்தும் கொடுக்கலாம். வாரம் 5 மி.கி. வீதம் ஏற்றி 20-இல் நிறுத்துவார்கள். சிறுநீரகம் மிகவும் பலவீனமானால் அளவு பாதியாகும். நாடி மெதுவாக ஓடுபவருக்கு இதுவே பாதுகாப்பானது; தலைசுற்றலையும் மலச்சிக்கலையும் மட்டும் கவனிக்க வேண்டும்.

நோயின் வகை தெரியாமல் மருந்தை ஒப்பிடுவது வீண். முன்மூளை சுருங்கும் ஃப்ரன்டோடெம்போரல் வகையில் டோனெபெசில் உதவாது. சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்கும். மூளை செல்களில் ஒருவகைப் புரதம் படியும் லூயி பாடி வகையிலோ டோனெபெசிலும் ரிவாஸ்டிக்மினும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த நோயாளி இல்லாததைப் பார்த்துப் பதறுகிறார் என்று ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைப் போட்டுவிட்டால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

புதிய ஊசிகளான லெக்கானெமாப், டோனானெமாப் இரண்டும் மூளையில் அமிலாய்டு என்ற புரதப் படிவு உறுதியான ஆரம்ப நிலை அல்சைமருக்கு மட்டும். முதலாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்றது நான்கு வாரத்துக்கு ஒருமுறை; படிவு கரைந்துவிட்டால் டோனானெமாபை நிறுத்திவிடலாம். லெக்கானெமாப் ஆய்வில் 18 மாத முடிவில் போலி மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டுக் கிடைத்த வித்தியாசம், நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் 0.45. மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு அந்த ஆபத்து கூடும்.

எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். டோனெபெசில் தொடங்கியபின் சிலருக்குச் சிறுநீர் அடங்காது. அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதினால் அது அசிட்டைல்கோலினையே தடுக்கும்: ஒரு மாத்திரை ஏற்றியதை இன்னொன்று இறக்கும், குழப்பமும் கூடும். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமினும், தூக்கத்துக்கு எடுக்கும் அமிட்ரிப்டிலினும் இதே கெடுதலைச் செய்பவை.