பள்ளிக்கு வாசிப்புப் பேனா வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் பள்ளியில் பார்வைக் குறைபாடோ டிஸ்லெக்சியாவோ (எழுத்தைப் படிக்கத் திணற வைக்கும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைகளுக்காக ஒரு நிறுவனத்திடம் வாசிப்புப் பேனாக்கள் வாங்கினோம். வரிமேல் ஓட்டினால் எழுத்தைப் படம்பிடித்து உரக்கச் சொல்லும் கருவி. இப்போது அத்தனையும் பீரோவில் கிடக்கின்றன. இன்னொரு பள்ளி இப்படி ஏமாறக் கூடாது.

செய்துகாட்டியபோது விற்பனையாளர் தான் கொண்டுவந்த தாளைத்தான் வைத்தார். வெள்ளைத் தாள், பெரிய எழுத்து, ஆங்கிலப் பத்தி. பேனா கணீரென்று வாசித்தது. தமிழ் வாசிக்குமா என்றதற்கு, "தமிழ் சப்போர்ட் இருக்கு மேடம்" என்றார். விலைப்பட்டியலிலும் அப்படியே அச்சடித்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மெனு தமிழில் இருக்கிறது, தமிழ்க் குரலும் இருக்கிறது. அச்சிட்ட தமிழை அடையாளம் காணும் ஓசிஆர்தான் அரைகுறை. பாடப்புத்தகத்தில் ஓட்டினால் புள்ளியை விழுங்கிவிடுகிறது. 'கண்' என்பது 'கண' ஆகிறது. எ, ஏ இரண்டும் அதற்கு ஒன்றுதான். வண்ணக் கட்டத்துக்குள் அச்சான பத்தி என்றால் வாயே திறப்பதில்லை.

எழுத்துக் கூட்டவே திணறும் பிள்ளை, கருவி தப்பாகச் சொன்னால் தன்னைத்தான் சந்தேகப்படும். "நான்தான் தப்பா பாக்கறேனா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை.

பார்வையே இல்லாத பிள்ளைக்கு இந்தப் பேனா எப்படி உதவும்? வரி எங்கே என்று தெரிந்தால்தானே அதன்மேல் ஓட்ட முடியும்? அவர்களுக்கு வேண்டியது முழுப் பக்கத்தையும் கேமராவில் பிடித்து வாசிக்கும் கருவி, இல்லையென்றால் கணினித் திரையில் உள்ளதை உரக்கச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள். இது தெரிந்தும் "எல்லாருக்கும் ஆகும்" என்று விற்றிருக்கிறார்கள்.

கூடவே கணினிக்கு ஒரு வாசிப்பு மென்பொருளையும் தலையில் கட்டினார்கள். உரிமம் ஓராண்டுக்குத்தான், அதுவும் பதிந்த கணினிக்கு மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேர்வு நெருங்கும் நேரத்தில் பூட்டிக்கொண்டது. நாங்கள் அதில் செய்துகொண்டிருந்த வேலையை என்விடிஏ இலவசமாகவே செய்கிறது. 2006-இல் தொடங்கிய திறமூலத் திரைவாசிப்பான் அது. கூடவே வரும் இஸ்பீக் குரல் தமிழும் பேசும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும், பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். ஒன்று மட்டும்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாள் திரைவாசிப்பானுக்கு வெறும் உளறல்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்ட வேண்டும். இதையும் எங்களுக்கு விற்றவர் சொல்லவில்லை.

புகார் செய்தால், "டீச்சர்ஸுக்கு ஓட்டத் தெரியல, ட்ரெயினிங் எடுங்க" என்று அதற்கும் ஒரு கட்டணம் கேட்டார்கள். அதற்குப் பிறகு போனையே எடுப்பதில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், உங்கள் பிள்ளையின் கையிலேயே கருவியைக் கொடுத்து, அவன் படிக்கும் புத்தகத்தையே வாசிக்க வையுங்கள். படம் நிறைந்த அறிவியல் பக்கம், பொடி எழுத்து, பழுப்பேறிய நூலகப் புத்தகம் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பாருங்கள். சில வாரம் வகுப்பில் வைத்துப் பார்க்கத் தராதவரிடம் வாங்கவே வேண்டாம். ஓசிஆர் எந்த மொழிகளுக்கு, இணையம் இல்லாமல் ஓடுமா, உரிமம் எவ்வளவு காலம், கணினி மாறினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் குறித்துக் கொடுத்த பக்கங்களைப் பிழையில்லாமல் வாசித்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.