கட்டளை சேராத இடத்தில் தரவு சேராது: 5ஜி கட்டுப்பாட்டு சேனலை உறுதியாக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

உங்களுக்கான தரவு எந்த அலைவரிசைத் துண்டில், எந்த மாடுலேஷனில் வருகிறது என்று கைபேசிக்குச் சொல்வது டி.சி.ஐ. என்ற சின்னஞ்சிறு செய்தி. அதைச் சுமந்து வருவது பி.டி.சி.சி.எச். என்ற கட்டுப்பாட்டு சேனல். அது தவறிவிட்டால், பின்னால் வரும் தரவு எவ்வளவு வலுவாக இருந்தாலும் கைபேசி அதைத் தேடுவதே இல்லை. தவறவிட்டது தெரியாததால் 'வரவில்லை' என்ற பதிலும் போகாது. பேஸ் ஸ்டேஷன் அந்த மௌனத்தை 'வந்தது' என்று தப்பாகப் படித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

சாதாரண மொபைல் சேவையில் 1% டி.சி.ஐ. பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். 32 பைட்டை 1 மில்லிசெகண்டுக்குள் 99.999% உறுதியோடு சேர்க்க வேண்டிய யு.ஆர்.எல்.எல்.சி. (மிகு நம்பகம், மிகக் குறைந்த தாமதம்) சேவையில் முடியாது. அதைச் சரிசெய்ய நான்கு வழிகள் முன்னால் இருக்கின்றன. நான்கும் ஒரே நோய்க்கான மருந்து அல்ல. இதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடுவதுதான் பெரிய தவறு.

அக்ரிகேஷன் லெவலை உயர்த்துவது

எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். ஒரு டி.சி.ஐ.-க்கு எத்தனை சி.சி.இ. (கட்டுப்பாட்டு சேனலின் அடிப்படைத் துண்டு) என்பதுதான் லெவல். ஒரு சி.சி.இ.-யில் ஆர்.இ.ஜி. எனும் சிறு கூறுகள் 6. ஒவ்வொன்றிலும் 12 துணை அலைகள், அவற்றில் 3 டி.எம்.ஆர்.எஸ். என்ற வழிகாட்டிச் சிக்னலுக்குப் போகும். மிச்சம் 54 இடங்கள், இடத்துக்கு 2 பிட் ஏற்றும் க்யூ.பி.எஸ்.கே.-யில் 108 பிட். டி.சி.ஐ. 40 பிட், பிழையைக் கண்டறியும் சி.ஆர்.சி. 24 பிட் என்றால் மொத்தம் 64. லெவல் 1-இல் கோட் ரேட் (செய்தி பிட் ÷ அனுப்பும் பிட்) 0.59, லெவல் 4-இல் 0.15.

அதற்கு மேல்தான் கவனம் வேண்டும். டி.சி.ஐ.-க்கான பிழைதிருத்தக் குறியீடான போலார் கோடின் உச்ச நீளம் 512 பிட். லெவல் 4 தருவது 432, லெவல் 8 தருவது 864. அதாவது லெவல் 8-லிருந்து அதே பிட்டுகள்தான் திரும்பத் திரும்பப் போகின்றன. 4-லிருந்து 16-க்குப் போனால் கிடைப்பது 6 டெசிபல் ஆற்றல். புதிய கோடிங் லாபம் இல்லை.

விலையோ கடுமை. 20 மெகாஹெர்ட்ஸ், 30 கிலோஹெர்ட்ஸ் துணை அலை இடைவெளியில் கோர்செட்டுக்கு (கட்டளைகளுக்கென ஒதுக்கிய பகுதி) 48 ஆர்.பி. (12 துணை அலைகளின் தொகுதி) கிடைக்கும். ஒரு சிம்பல் (மிகச் சிறிய நேரத் துண்டு) நீளக் கோர்செட்டில் 8 சி.சி.இ.தான், லெவல் 16 அதில் உட்காரவே உட்காராது. இரண்டு சிம்பலில் சரியாக 16. ஒரே கைபேசி மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு அந்த ஸ்லாட்டில் (சிம்பல்கள் சேர்ந்த நேரப் பகுதியில்) கட்டளை போகாது. செல் விளிம்பில் உள்ளவரைக் காப்பாற்றப் போய் நடுவில் இருப்பவர்களின் தாமதத்தை ஏற்றுகிற கதை இது.

டி.சி.ஐ.-யைச் சுருக்குவது

5ஜி தர விதிகளின் ரிலீஸ் 16-இல் வந்த 0_2, 1_2 டி.சி.ஐ. வடிவங்களில் பல புலங்களின் அகலத்தை நாமே குறைக்கலாம், சிலவற்றைப் பூஜ்யமாகவும் ஆக்கலாம். 40 பிட்டை 24 ஆக்கினால் சி.ஆர்.சி.-யோடு 64 என்பது 48 ஆகும். அதே ஆற்றலில் பிட்டுக்கு 1.25 டெசிபல் கூடுதல். சி.ஆர்.சி. குறையாததால் லாபத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஆனால் ஒரு சி.சி.இ.கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. ஷெட்யூலிங் சுதந்திரம் சற்றுக் குறைவதுதான் விலை. ஒரு பொறியும் இருக்கிறது: ஒரு செல்லில் கைபேசி கவனிக்கும் டி.சி.ஐ. அளவுகள் 4-ஐத் தாண்டக் கூடாது, அவற்றில் கைபேசியின் அடையாள எண்ணான சி-ஆர்.என்.டி.ஐ.-க்கு உரியவை 3-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் நிரப்பு பிட்டுகள் சேர்ந்து அளவுகள் சமமாகும். சுருக்கிய லாபத்தில் ஒரு பங்கு கரைந்துவிடும். பழைய வடிவங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 1_2-ஐ மட்டும் சேர்த்தால் இதுதான் நடக்கும்.

பவர் பூஸ்டிங்

கோர்செட்டில் காலி சி.சி.இ. இருந்தால் அந்த ஆற்றலை இங்கே திருப்பலாம். பாதி காலி என்றால் 3 டெசிபல். நெரிசல் நேரத்தில் காலி இருக்காது. பக்கத்து செல்களும் இதையே செய்தால் குறுக்கீடு சேர்ந்து உயரும். தற்காலிகக் கைத்தாங்கல், அவ்வளவே.

இரண்டு இடங்களிலிருந்து திரும்பச் சொல்வது

ரிலீஸ் 17-இல் இரண்டு சர்ச் ஸ்பேஸ் செட்களை (கைபேசி கட்டளையைத் தேடும் இடங்களை) இணைத்து, அதே டி.சி.ஐ.-யை அதே லெவலில் இரு ஒலிபரப்புப் புள்ளிகளிலிருந்து அனுப்பலாம். மேலே சொன்ன மூன்றும் ஆற்றலைக் கூட்டுகின்றன. இது பாதையைக் கூட்டுகிறது. இரு பாதைகளின் தோல்வியும் ஒன்றையொன்று சாராதிருந்தால், தனித்தனியே 1% பிழை சேர்ந்து 0.01% ஆகும். ஒரு பாதையை வாகனமோ இயந்திரமோ மறைத்தாலும் மற்றது நிற்கும். லெவல் 16-இன் 6 டெசிபல், 20 டெசிபல் மறைப்புக்கு முன்னால் ஒன்றுமில்லை. அதே புள்ளியிலிருந்து அதே அலைவரிசையில் திரும்பச் சொன்னாலோ, லெவலை இரட்டிப்பாக்கிய பலன்தான்.

இதற்கும் கணக்கு உண்டு. 30 கிலோஹெர்ட்ஸில் ஸ்லாட்டுக்கு 36 பிளைண்ட் டிகோடிங் (கட்டளை எங்கே என்று தெரியாமல் செய்து பார்க்கும் முயற்சி) தான் அனுமதி. இணைந்த ஒரு ஜோடி, கைபேசியின் திறனைப் பொறுத்து 2 அல்லது 3 ஆக எண்ணப்படும். நேரக் கணக்கும் பின்னால் முடியும் பிரதியிலிருந்தே தொடங்கும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்த சிம்பல்களில் வைப்பது நல்லது.

எதை எடுப்பது? பிழைகள் எப்படி விழுகின்றன என்று பதிவில் பாருங்கள். சிக்னல் மெதுவாகத் தேய்ந்து பிழை பரவலாக வந்தால் டி.சி.ஐ.-யைச் சுருக்கி, பிறகு லெவலை உயர்த்துங்கள். நல்ல சிக்னலுக்கு நடுவே கொத்துக் கொத்தாக விழுந்தால் இரண்டாவது ஒலிபரப்புப் புள்ளி இல்லாமல் தீராது.

அப்லிங்கை மறந்துவிட வேண்டாம்; பதிலும் கட்டுப்பாட்டுச் செய்திதான். அதைச் சுமக்கும் சேனலான பி.யு.சி.சி.எச்.-இன் ஃபார்மட் 1, 3, 4-ஐ 2, 4 அல்லது 8 ஸ்லாட்களில் திரும்ப அனுப்பலாம். ஆனால் நான்கு டவுன்லிங்குக்கு ஓர் அப்லிங்க் என்ற விகிதத்தில், 0.5 மில்லிசெகண்ட் ஸ்லாட்டோடு ஓடும் டி.டி.டி. (ஒரே அலைவரிசையை இரு திசைக்கும் மாறி மாறிப் பயன்படுத்தும்) செல்லில் அப்லிங்க் ஸ்லாட் 2.5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் வரும். 4 பிரதிகளில் முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே 7.5 மில்லிசெகண்ட். 1 மில்லிசெகண்ட் சேவைக்கு அது உதவாது; அங்கே ஒரே ஸ்லாட்டுக்குள் அலைவரிசை தாவும் குறுகிய பி.யு.சி.சி.எச்.-தான் பொருந்தும், விளிம்புத் தூரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து.